வடபழனியிலிருந்து பழனி மலைக்கு... சைக்கிளில்!

பழனிக்குப் போய்ச் செலுத்த முடியாத வேண்டுதலை வடபழனியிலேயே செலுத்திவிடலாம் என்பது நம்ம ஊர் நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் ஓலைக் கொட்டகையாகத் தொடங்கிய கோயில் இன்றைக்கு ஆற்காடு ரோட்டுக்கே அடையாளமாக நிற்பது அந்த நம்பிக்கையால்தான்.

இந்தக் கட்டுரை அதற்குத் தலைகீழ். வடபழனியில் உட்கார்ந்திருக்கிற உங்களைப் பழனி மலைக்கு அனுப்பப் போகிறோம். அதுவும் சைக்கிளில்!

"என்ன விளையாடறீங்களா? எனக்கு வயசு நாற்பத்தஞ்சு. லேசா சுகர் வேற..." என்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். டாக்டர் "நடங்க" என்றார். நடந்தீர்கள். மூன்றாவது வாரத்தில் அலுத்துப் போயிற்று. பையன் ஆசைப்பட்டான் என்று வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. உடற்பயிற்சி அலுத்துப் போவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. போய்ச் சேர ஓர் இடம் இல்லாததும்தான். அந்த இடத்தை இப்போது காட்டுகிறோம். பன்னிரண்டு வாரம் தயாராகுங்கள். பதின்மூன்றாவது வாரம் புறப்படலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. மலையை விளையாட்டாக நினைக்கக் கூடாது. ஏறப் போகிற இதயம் உங்களுடையது. இறங்கும்போது பிரேக்கைப் பிடிக்கப் போகிற விரல்களும் உங்களுடையவை. இரண்டையும் தயார் செய்யாமல் கிளம்புகிறவர்களுக்கு இந்தப் பயணம் வேண்டாம்.

குளிர் தேசத்து மழைக்காடு, நம் தமிழ்நாட்டில்!

முதலில் எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்வோம்.

மழைக்காடு என்றதும் நமக்கு வெப்பமும் புழுக்கமும்தான் நினைவுக்கு வரும். குளிர்ப் பிரதேசத்திலும் மழைக்காடுகள் உண்டு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தேசியப் பூங்கா இருக்கிறது. 1938-ல் அமைந்தது. அங்கே 'ஹோ' பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. நம் சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்கு! மரமெல்லாம் பச்சைப் பாசியால் போர்த்தியிருக்கும். அந்தப் பூங்காவைச் சுற்றி ஓடும் 101-ஆம் எண் சாலையில் உலகமெங்குமிருந்து சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். ஒரு சுற்று 500 கிலோமீட்டருக்கு மேல்.

அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். அதற்கு உறவுக்காரக் காடு நம்மிடமே இருக்கிறது. அதன் பெயர் சோலை. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆனைமலையிலும் உயரமான இடங்களில், புல்வெளிகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் குட்டை மரக் காடுகள். இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் என்ற இருவர் 1968-ல் வெளியிட்ட பட்டியலில் இவற்றை 'தென்னிந்திய மலை ஈர மிதவெப்பக் காடு' என்றே குறித்திருக்கிறார்கள்.

சோலை மரம் நெடுநெடுவென்று வளராது. குடை மாதிரி கவிந்திருக்கும். கிளை எல்லாம் பாசி, பெரணி. காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்து நிற்கும். மழை பெய்தால் தரை பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு ஓடையாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பழனிக்குப் போகிறவர்கள் குளிக்கிற சண்முக நதிக்கும் இந்த மலைதான் தாய்வீடு. 2013-ல் இப்பகுதியின் பெரும் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மூன்று பாதைகள்: எது உங்களுக்கு?

முதல் பாதை, கொடைக்கானல் ஏரிச் சுற்று. ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதரை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வெரி லெவிஞ் உருவாக்கிய ஏரி இது. வாடகைக்கே சைக்கிள் கிடைக்கும். "நான் சைக்கிள் தொட்டே இருபது வருஷமாச்சு" என்கிற இல்லத்தரசிகளுக்கும், அறுபதைத் தாண்டியவர்களுக்கும் இதுவே போதும். மற்றவர்களுக்கு இது முதல் நாள் பாடம். உயரத்துக்கு உடம்பு பழகுகிறதா என்று பார்க்க இரண்டு சுற்று.

இரண்டாவது பாதை, கொடைக்கானல் – பூம்பாறை. ஒரு வழி 20 கிலோமீட்டருக்குள். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். பைன் மரக் கூட்டம், இடையிடையே சோலைத் துண்டுகள், திடீரென்று கீழே படிக்கட்டு மாதிரி வயல்கள், நடுவே பூம்பாறை. அங்கே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. வடபழனி முருகனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர்கள் இங்கே வந்து "வந்துட்டேன்" என்று சொல்லலாம்! ஊர் முழுக்கப் பூண்டு வாசனை. கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தெம்பு இருக்கிறவர்கள் இன்னும் மேற்கே மன்னவனூர் புல்வெளி வரை போகலாம்.

மூன்றாவது பாதை, பழனி – கொடைக்கானல். சுமார் 64 கிலோமீட்டர். இதுதான் பரீட்சை. பழனி அடிவாரத்திலிருந்து வரதமாநதி அணை வரை சும்மா போகலாம். அதற்குப் பிறகு மலை பிடித்துக்கொள்ளும். பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலையோடு சேர்ந்து கொடைக்கானல் போய்ச் சேரும்போது நீங்கள் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். பன்னிரண்டு வாரப் பயிற்சி முடித்தவர்கள், டாக்டர் 'சரி' என்று சொன்னவர்கள் மட்டும் இதைத் தொடலாம். பையன் ஏறட்டும், நீங்கள் வேனில் பின்தொடர்ந்து வந்து பெருமாள்மலையில் சைக்கிளை இறக்கிக் கடைசி 12 கிலோமீட்டரில் சேர்ந்துகொள்ளலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பாடம் 1: முதலில் டாக்டர், அப்புறம் சைக்கிள் கடை

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சுகர், ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி. நான்கையும் பார்த்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். மாடி ஏறும்போது நெஞ்சில் பாரம், வேகமாக நடந்தால் மூச்சு இரைப்பு, குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். "ஈ.சி.ஜி. நார்மல்" என்று ஒரு காகிதம் கையில் இருப்பதாலேயே மாரடைப்பு வராது என்று அர்த்தம் இல்லை. ஓய்வில் படுத்திருக்கும்போது எடுக்கிற ஈ.சி.ஜி., மலை ஏறும் இதயத்தின் கஷ்டத்தைக் காட்டாமலும் போகலாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அழுத்தம் சென்னையைவிடச் சுமார் 22 சதவீதம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். அதைச் சுமந்து போக வேண்டிய ரத்தமும் குறைவாக இருந்தால்? மூச்சு வாங்கும், தலை சுற்றும். முதலில் ரத்தத்தைச் சரி செய்துகொண்டு அடுத்த ஆண்டு போகலாம். மலை எங்கேயும் ஓடிவிடாது.

ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும், லக்கேஜ் பையின் அடியில் இல்லை. குளிர்ந்த காற்றை வேகமாக இழுப்பதே சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

பாடம் 2: சமவெளியில் மலையைத் தேடுவது எப்படி?

"வடபழனியில ஏது சார் மலை?" நியாயமான கேள்வி. தேடினால் கிடைக்கும்.

*முதல் 3 வாரம்:* வாரத்துக்கு நாலு நாள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ரோட்டை நிறைப்பதற்கு முன்னால், அசோக் நகர், கே.கே. நகர் உள்தெருக்களில் 30 முதல் 40 நிமிடம். வேகம் முக்கியம் இல்லை. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மிதித்தால் போதும். வார்த்தை வார்த்தையாகத் திணறினால் வேகத்தைக் குறையுங்கள். இந்தப் 'பேச்சுப் பரீட்சை'யை மறக்காதீர்கள்; மலையிலும் இதுதான் உங்கள் மீட்டர். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதைச் சாப்பிடுகிறவர்கள் நாடியை எண்ணி ஏமாற வேண்டாம்.

*4 முதல் 6 வாரம்:* ஞாயிறு விடியலில் கோடம்பாக்கம் மேம்பாலம். ஏறி, இறங்கி, திரும்பி... முதல் வாரம் நாலு முறை, அப்புறம் ஆறு, அப்புறம் எட்டு. பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

*7 முதல் 9 வாரம்:* ஒரு ஞாயிறு குன்றத்தூர் முருகன் மலை அடிவாரம் வரை போய், வண்டியை வைத்துவிட்டுப் படி ஏறி இறங்கித் திரும்புங்கள். இன்னொரு ஞாயிறு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை. எதிர்க்காற்று அடித்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். சமவெளிக்காரனுக்கு எதிர்க்காற்றுதான் மலை! மலையைப் போலவே அதுவும் விடாமல் எதிர்த்துத் தள்ளும், மூச்சைச் சீராக வைக்கக் கற்றுக் கொடுக்கும்.

*10, 11-வது வாரம்:* ஓர் ஒத்திகை. ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து ஏலகிரி. பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். இதில் ஏறி, அடுத்த நாள் எழுந்து நடக்க முடிந்தால் பழனிப் பாதைக்கு நீங்கள் தயார். முடியவில்லையா? பூம்பாறைப் பாதை காத்திருக்கிறது.

*12-வது வாரம்:* ஓய்வு. லேசாக மட்டும் மிதியுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண் விழிக்கிற பழக்கம் இங்கே உதவாது.

பாடம் 3: சீட் உயரம் சரியில்லை என்றால் முட்டி போகும்

நம் ஊரில் பெரும்பாலும் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறோம். சிக்னலில் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டுமே! ஆனால் சீட் தாழ்ந்தால் முட்டி ஒவ்வொரு மிதிக்கும் அதிகமாக மடங்கும். மலையில் ஆயிரக்கணக்கான மிதி. சாயங்காலம் முட்டிச் சில்லு வலிக்க ஆரம்பித்துவிடும்.

அளவு எடுப்பது சுலபம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக இருக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம்.

கியர் விஷயம். முன்பக்கம் சின்னப் பல்சக்கரம், பின்பக்கம் பெரிய பல்சக்கரம். இந்தச் சேர்க்கையில்தான் மலை ஏற வேண்டும். 'பலமா மிதிச்சு மெதுவா சுத்தறது' முட்டிக்கு எதிரி. 'லேசா மிதிச்சு வேகமா சுத்தறது' முட்டிக்கு நண்பன். நிமிடத்துக்கு 70 சுற்று வந்தால் நல்லது. கியர் இல்லாத சைக்கிளில் இந்த மலைக்குப் போகாதீர்கள். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். முருகனே மலையை நடந்துதான் ஏறச் சொல்கிறார்!

பாடம் 4: நாற்பது இட்லிக் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உங்கள் எடை 70 கிலோ, சைக்கிளும் பையும் 15 கிலோ. இந்த 85 கிலோவை 1,800 மீட்டர் தூக்கத் தேவையான சக்தி சுமார் 360 கலோரிதான். "இவ்வளவுதானா?" என்று நினைக்காதீர்கள். நம் உடம்பு எரிக்கிற எரிபொருளில் நாலில் ஒரு பங்குகூட முழுசாக வேலையாக மாறுவதில்லை. மீதி சூடாகப் போய்விடும். ஆக, ஏறுவதற்கு மட்டும் 1,500 கலோரி. சாலை உரசல், காற்று எல்லாம் சேர்த்தால் 2,000-ஐ நெருங்கும். ஓர் இட்லிக்கு 50 கலோரி என்று வைத்தால் நாற்பது இட்லி!

உடம்பில் சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். அது தீர்ந்துபோனால் கண் இருட்டும், கை நடுங்கும், ஒரு அடி நகராது. அதற்காக நாற்பது இட்லியைக் காலையிலேயே அடைக்க முடியுமா? முடியாது. நாலு இட்லியோடு கிளம்பி, மணிக்கு ஒருமுறை 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலைமிட்டாயும் போதும்.

வெளிநாட்டு சைக்கிள்காரர்கள் பாக்கெட்டில் பிதுக்கிச் சாப்பிடுகிற 'ஜெல்' வைத்திருப்பார்கள். நமக்குப் பழனியிலேயே அது பஞ்சாமிர்தம் என்ற பெயரில் கிடைக்கிறது! மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். ஒரு ஸ்பூன் வாயில் போட்டால் அடுத்த வளைவு தாண்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர். தாகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போகும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ் நல்லது. மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு உண்டு. வீட்டிலிருந்தே சொந்த பாட்டில் கொண்டுபோங்கள்.

சுகர்காரர்களுக்குத் தனிக் குறிப்பு

சைக்கிள் மிதிப்பது சுகருக்கு நல்லது. ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நாலைந்து மணி நேர மிதிப்பில் சுகர் தடாலென்று இறங்கலாம். வழக்கமான டோஸோடு வழக்கமில்லாத உழைப்பும் சேர்ந்தால் ஆபத்து. அன்றைக்கு எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே நிறுத்துங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுத்து மீட்டரில் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும். இன்னொரு விஷயம். களைத்துத் தூங்குகிற அந்த ராத்திரியிலும் சுகர் இறங்கலாம். படுக்கும் முன் பார்த்துவிட்டுப் படுங்கள். கூடப் படுத்திருப்பவருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

பஞ்சாமிர்தம்? மிதிக்கும்போது மருந்து. அறையில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் அது இனிப்புதான். ஞாபகம் இருக்கட்டும்!

பாடம் 5: நனைந்த பனியன் பொல்லாதது

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் 12 டிகிரி வித்தியாசம். பழனியில் வேர்த்துக் கொட்டுகிறபோது இது புரியாது.

ஏறும்போது வியர்வையில் காட்டன் பனியன் தொப்பலாகிவிடும். உச்சியில் நிற்கிறீர்கள், மேகம் மூடுகிறது, காற்று வீசுகிறது. ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். முதலில் நடுக்கம். அப்புறம் விரல் மரத்துப் பட்டன் போட வராது. அப்புறம் பேச்சு குழறும், நடை தடுமாறும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அது அபாயம். "தமிழ்நாட்டுல யாருக்கு சார் குளிர்ல உடம்பு விறைக்கும்?" என்கிற அலட்சியம்தான் இதில் பெரிய எதிரி.

செய்ய வேண்டியது எளிது. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு மாற்று பனியன், ஒரு கம்பளி ஸ்வெட்டர், ஒரு ரெயின்கோட். நின்றவுடன் முதல் வேலை, டீக்கடைக்கு முன்னால், பனியனை மாற்றுவது. இறங்குவதற்கு முன்னால் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் ஒரு பழைய தினசரிப் பேப்பரை மடித்து வையுங்கள். சைக்கிள் பந்தயக்காரர்கள் பல காலமாகச் செய்கிற தந்திரம் இது. காற்று உள்ளே புகாது. யாராவது நடுங்கினால் உலர்ந்த துணி, சூடான இனிப்பு டீ, காற்றுப் படாத இடம். 'சூட்டுக்கு' என்று பிராந்தி கொடுக்காதீர்கள். அது தோலில் சூடு ஏற்றி உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விரட்டிவிடும்.

பாடம் 6: இறக்கம்தான் உண்மையான பரீட்சை

ஏறும்போது மலை உங்களை எச்சரிக்கும். மூச்சு வாங்கும், கால் வலிக்கும், நிற்பீர்கள். இறங்கும்போது அப்படி ஒரு எச்சரிக்கையும் வராது. சும்மா உட்கார்ந்தால் போதும், ஜில்லென்று போகும். ஆபத்தே அங்கேதான்.

நீங்கள் ஏறிச் சேர்த்த அந்தச் சக்தி முழுவதும் கீழே வருவதற்குள் எங்காவது போயாக வேண்டும். மெதுவாக இறங்கினால் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிறது. நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு! பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் காய்ந்து டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் வட்டை கையைச் சுட்டுவிடும், தொடாதீர்கள்.

* புறப்படும் முன் பிரேக் கட்டைகளையும் கேபிளையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.
* வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.
* இரண்டு பிரேக்கையும் சேர்த்து, பிடித்துப் பிடித்து விடுங்கள்.
* நாலைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று சக்கரமும் விரலும் இளைப்பாறட்டும்.
* மழையில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே அழுத்துங்கள்.
* ஹெல்மெட் இல்லாமல் இறங்கவே கூடாது. பையனுக்கும்தான், அப்பாவுக்கும்தான்.

மழையோ மூடுபனியோ பிடித்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம். சைக்கிளை வேனில் ஏற்றுங்கள். ஏறியது உங்கள் சாதனை. இறக்கத்தில் நிரூபிக்க ஒன்றும் இல்லை.

பாடம் 7: காட்டு விருந்தாளி நாம்தான்

கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டுமாடு வரும். பழனி சாலையில் யானையும் உண்டு. விடிவதற்கு முன்னும் இருட்டிய பிறகும் சைக்கிளில் போகாதீர்கள். சத்தம் இல்லாத வண்டி என்பதால் வளைவில் திடீரென்று எதிரே போய் நிற்பீர்கள். காட்டுமாட்டைப் பார்த்தால் மணி அடிக்காதீர்கள், போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். பின்வாங்கி, பஸ்ஸோ லாரியோ வரும் வரை காத்திருந்து அதன் மறைவில் கடந்துவிடுங்கள்.

தார்ச் சாலையை விட்டுச் சோலைக்குள் இறங்காதீர்கள். பேரிஜம் ஏரி போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஈரப் புல்லில் அட்டை ஏறினால் தீக்குச்சியால் சுட வேண்டாம். நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயம் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் துணியால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள்.

அட்டையைவிடக் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு புதர்ப் பூச்சி. அது கடித்தால் 'ஸ்க்ரப் டைபஸ்' காய்ச்சல் வரலாம். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சல், தலைவலி வந்தால், குளிக்கும்போது அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரலாம். "மலைக்குப் போய்ட்டு வந்தேன் டாக்டர்" என்ற ஒரு வரியைக் கட்டாயம் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும்.

எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் சரியும், சாலை வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரே கார் கூட்டம். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஆனால் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பழனிச் சாலைகள் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம்; அவர்களுக்கு நடுவே சைக்கிளை விடுவது நியாயமும் இல்லை. கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது. துணைக்கு வேன் வைப்பவர்கள் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடனே நிறுத்துங்கள்!

கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும் "அந்த வளைவு வரைக்கும் போய்ப் பார்ப்போம்" என்று நினைக்காதீர்கள்.

* நெஞ்சில் இறுக்கம், பாரம். தாடைக்கோ கைக்கோ பரவும் வலி
* குளிர்ந்த வியர்வையோடு குமட்டல்
* நின்ற பிறகும் அடங்காத மூச்சிரைப்பு
* தலைச்சுற்றல், கண் இருட்டல், பேச்சுக் குழறல்

சைக்கிளை ஓரமாகப் போடுங்கள், உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் சில இடங்களில் செல்போன் எடுக்காது. அதனால்தான் தனியாகப் போக வேண்டாம் என்கிறோம். வாயுத் தொல்லை என்று சோடா தேடி அலைகிற நேரத்தில் இதயம் நேரத்தை இழந்துகொண்டிருக்கும்.

கடைசியாக ஒன்று. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. 1936-ல் கட்டியது. வானம் தெளிந்த நாளில் அங்கே நின்று பார்த்தால் கீழே பழனி மலைக் கோயில் தெரியும். நீங்கள் புறப்பட்ட அடிவாரம் அது! அங்கிருந்து உங்கள் சொந்தக் கால்களால் இவ்வளவு உயரம் வந்திருக்கிறீர்கள் என்று கண்ணால் பார்க்கிற அந்த நிமிடத்துக்காகத்தான் பன்னிரண்டு வாரம் மேம்பாலம் ஏறுகிறோம். பக்கத்தில் பையன் நிற்பான். "அப்பா, அடுத்த வருஷமும் வரலாமா?" என்று கேட்பான். அந்த அடுத்த வருடத்துக்கும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டாமா?

நாளைக் காலை ஐந்தரை மணி. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, தெருவுக்கு இறக்குங்கள். முதல் நாள் அரை மணி நேரம் போதும்.